எக்ஸோ வீடியோவைப் பார்த்து வாயைப் பிளப்பதற்கு முன்: இரும்புச் சட்டையை எடைபோடுவது எப்படி

வாட்ஸ்அப்பில் அந்த மாதிரி வீடியோ வராத மாதமே கிடையாது. இடுப்பிலும் தொடையிலும் மோட்டார் கட்டிக்கொண்டு ஒருவர் மலை ஏறுவார், இல்லையென்றால் உடம்பு முழுக்க இரும்புச் சட்டகம் மாட்டிய ஒருவர் பெரிய பெட்டியைப் பஞ்சு மூட்டை மாதிரித் தூக்கிவைப்பார், கீழே "அயர்ன் மேன் வந்தாச்சு" என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் ஒரு கூட்டம் இன்னும் ஐந்து வருடத்தில் எல்லோரும் கவசம் போட்டுத்தான் திரிவோம் என்று கிளம்பும், இன்னொரு கூட்டம் எல்லாம் கிராபிக்ஸ் வேலை என்று தள்ளிவிடும். இரண்டும் தப்பு. எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் இந்தச் சட்டகம் (சுருக்கமாக எக்ஸோ), நிஜமாகவே இருக்கிறது, சில இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கதையில் வரும் கவசம் போகும் திசையே வேறு. எந்த எண்ணைத் தேட வேண்டும், எதை எதோடு வகுத்துப் பார்க்க வேண்டும் என்று இங்கே சொல்கிறேன். பள்ளிக்கூட இயற்பியலும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதல் வேலை: கவசத்தைப் பிரித்துப் போடுங்கள்

இந்தக் கவசத்தைப் பிரபலமாக்கியது ராபர்ட் ஹைன்லைன் 1959ல் வெளியிட்ட ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் நாவல். 1963ல் மார்வெல் காமிக்ஸில் அயர்ன் மேன் வந்தார். அதற்குப் பிறகு வந்த கதைக் கவசங்கள் பெரும்பாலும் நாலு வேலையை ஒரே சட்டைக்குள் அடைக்கின்றன: பலத்தைப் பெருக்குவது, குண்டைத் தடுப்பது, களைப்பில்லாமல் ஓடவைப்பது, பறப்பது அல்லது மாடியிலிருந்து குதித்தாலும் ஒன்றும் ஆகாமல் காப்பது.

நிஜத்தில் இவை நாலு தனித்தனித் தொழில், நாலையும் வேறு வேறு ஆட்கள் செய்கிறார்கள். பறக்கிற சட்டை வேண்டுமா, பிரிட்டனில் ரிச்சர்ட் பிரவுனிங் 2017ல் தொடங்கிய கிராவிட்டி நிறுவனத்திடம் இருக்கிறது, கைகளிலும் முதுகிலும் குட்டி ஜெட் எஞ்சின்கள், சில நிமிடம் பறக்கலாம், ஆனால் அதில் ஒரு மூட்டுக்குக்கூட மோட்டார் கிடையாது, குண்டும் தடுக்காது. கார் தொழிற்சாலைகளில் தோளில் மாட்டும் கருவியில் பேட்டரியே இல்லை, வெறும் ஸ்பிரிங். முதுகுத்தண்டு அடிபட்டவரை நடக்கவைக்கும் கருவி மோட்டார் உள்ளது, ஆனால் மெதுவாக நடக்கும். ஆகவே வீடியோ வந்ததும் கேட்க வேண்டியது, இது இந்த நாலில் எதைச் செய்கிறது? "எல்லாம் செய்யும்" என்று பதில் வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

வயரைத் தேடுங்கள்

இரண்டாவது, வீடியோவில் ஆளின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். பின்னாலிருந்து குழாயோ கேபிளோ போகிறதா? கேமரா ஒருபோதும் முதுகைக் காட்டவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். 2010ல் ரேதியான் சார்கோஸ் நிறுவனம் எக்ஸ்ஓஎஸ் 2 என்ற முழு உடல் சட்டகத்தைக் காட்டியபோது அயர்ன் மேன் படத்தில் நடித்த ஒருவரையே வரவழைத்து வீடியோ எடுத்தார்கள். அதை மாட்டியவர் பாரம் தூக்கினார், பலகையைக் குத்தி உடைத்தார், பார்க்க அற்புதம். ஆனால் அது வெளியிலிருந்து வரும் இணைப்பில்தான் ஓடியது.

வயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹொமாயூன் கசெரூனி குழு, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பாவின் பணத்தில் பிளீக்ஸ் என்ற கால் சட்டகத்தைச் செய்து 2004ல் காட்டியது. தன் சக்தியைத் தானே சுமந்து நடந்த முன்னோடிக் கருவிகளில் அது ஒன்று, முதுகில் பெட்ரோல் எஞ்சினே வைத்திருந்தார்கள். சமதரையில் நடக்க அதற்கு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) சக்தியாக மட்டும் சராசரி 1,143 வாட், மின்னணுப் பகுதிக்கு இன்னொரு 200 வாட். கிட்டத்தட்ட அதே உருவ அளவில், 75 கிலோ எடையுள்ள மனிதர் நடக்க உடம்பு செலவழிப்பது சுமார் 165 வாட். அதாவது அதே நடைக்கு எட்டு மடங்கு.

இப்போது அதையே பேட்டரியில் ஓட்டலாம் என்று வையுங்கள். எட்டு மணி நேரம் நடந்தால் 1,343 வாட்டை எட்டால் பெருக்க, கிட்டத்தட்ட 10.7 கிலோவாட் மணி. நல்ல லித்தியம் பேட்டரித் தொகுப்பு கிலோவுக்குச் சுமார் 200 வாட் மணி கொடுக்கும், ஆகவே 54 கிலோ பேட்டரி, அதுவும் பம்பில் வீணாவதைச் சேர்க்காமல். பிளீக்ஸ் சுமந்த சரக்கு எவ்வளவு தெரியுமா? 34 கிலோ. சரக்கைவிடப் பேட்டரி கனம், அந்தப் பேட்டரியைச் சுமக்க இன்னும் பேட்டரி. மனிதருக்கு அந்த எட்டு மணி நேர நடைக்கு ஆவது சுமார் 1,100 கிலோ கலோரி, ஒரு நல்ல மதியச் சாப்பாடு.

கதையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? 2008ல் வந்த அயர்ன் மேன் படத்தில் நெஞ்சில் வைக்கும் உலை வினாடிக்கு 3 கிகாஜூல் தரும் என்று ஒரு வசனம் வரும். அது 3,000 மெகாவாட், பெரிய அணு உலை மூன்று சேர்ந்தால் வரும் மின்சாரம். சரி, அப்படி ஒன்று இருக்கிறது என்றே ஒத்துக்கொள்வோம். அதில் நூற்றில் ஒரு பங்கு வெப்பமாக வீணானாலும் 30 மெகாவாட் சூடு, நெஞ்சுக்கு மிக அருகில். ஆள் மிஞ்சமாட்டார். கதை எழுதுகிறவர்கள் சக்தி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிறார்கள், சூடு எங்கே போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு.

எடை எங்கே இறங்குகிறது?

இந்தக் கேள்வியை மட்டும் பழக்கிக்கொண்டால் பாதி வீடியோக்களின் சாயம் வெளுத்துவிடும். கையில் பிடித்த எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். கைச் சட்டகம், தோள், முதுகு, இடுப்பு, தொடை, கணுக்கால், பாதத் தகடு, தரை. நடுவில் எங்காவது சட்டகம் அறுந்துபோனால் அங்கிருந்து எடையைச் சுமப்பது மனிதரின் எலும்பு. கைக்கு மட்டும் இயந்திரம் மாட்டிக்கொண்டு காரைத் தூக்கும் கதாநாயகனுக்குக் கை தாங்கும், முதுகெலும்பு தாங்காது.

தோளில் மாட்டும் தொழிற்சாலைக் கருவி இதில் நேர்மையானது. ஜெர்மனியின் ஓட்டோபாக் செய்யும் பேக்ஸோ 2 கிலோவுக்கும் குறைவு. கையை உயர்த்தி வேலை செய்யும்போது கையின் எடையில் ஒரு பகுதியைத் தோளிலிருந்து எடுத்து இடுப்புக்கு இறக்கும், அவ்வளவுதான். 2017ல் ஃபோர்டு இதே வகையில் இன்னொரு சட்டையைச் சோதித்தபோது, காரின் அடிப்பகுதியில் வேலை செய்யும் சிலர் ஒரு நாளில் சராசரி 4,600 தடவை கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள் என்று சொன்னார்கள். அவர்களுக்குக் கார் தூக்கும் பலம் வேண்டாம். சாயங்காலம் தோள் வலிக்காமல் வீட்டுக்குப் போக வேண்டும், அதற்கு ஒரு கைக்கு இரண்டு மூன்று கிலோ தாங்கல் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அப்புறம் கவிழ்வது. தரை வரைக்கும் சட்டகம் இருந்தாலும் இது போகாது. 80 கிலோ ஆள், 70 கிலோ சட்டகம், மொத்தம் 150. அவர் 200 கிலோ பெட்டியைப் பாதத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி முன்னால் நீட்டிப் பிடிக்கிறார். தராசு மாதிரி இரண்டு பக்கமும் சரியாக நிற்க வேண்டும் என்றால் 200ஐ 60ஆல் பெருக்கி 150ஆல் வகுக்க வேண்டும், அதாவது ஆளும் சட்டகமும் சேர்ந்து 80 சென்டிமீட்டர் பின்னால் சாய வேண்டும். பாதத்தின் நீளமே 25 சென்டிமீட்டர்தான். மோட்டாரில் எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும் ஆள் முகங்குப்புற விழுவார். ஃபோர்க்லிஃப்ட்டின் பின்பக்கம் அவ்வளவு கனமாக இருப்பது இதனால்தான். நிஜக் கருவிகள் பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதையும், 90 கிலோவைச் சுற்றியே நிற்பதையும் கவனித்தால் காரணம் புரியும். கதையில் ஒரு கையால் டாங்கியைப் புரட்டுகிறவர் தரையில் ஆணி அடித்தா நிற்கிறார்?

யார் முந்துகிறார்கள், ஆளா இயந்திரமா?

வீடியோவில் நடையின் வேகத்தைப் பாருங்கள். நேராக, ஒரே தாளத்தில் நடக்கிறாரா, அல்லது திடீரென்று திரும்புகிறாரா, குனிகிறாரா, தடுக்கி விழப்போய்ச் சமாளிக்கிறாரா? ஒரே தாளத்தில் நடப்பது இயந்திரத்துக்கு எளிது, அடுத்த அடி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். தாளம் மாறும்போதுதான் வண்டவாளம் தெரியவரும்.

ஹைன்லைனுக்கு இது 1959லேயே புரிந்திருந்தது. அவர் கவசத்தின் உட்புறம் முழுக்க அழுத்தத்தை உணரும் புள்ளிகள் இருக்கும். உள்ளே இருப்பவர் கையைத் தள்ளினால் கவசம் அதை உணர்ந்து, அந்த அழுத்தம் குறையும்வரை தானும் அதே பக்கம் தள்ளும். படிக்க நன்றாக இருக்கிறது, தத்துவமும் சரி. ஆனால் செய்துபார்த்தவர்கள் பட்ட பாடு இருக்கிறதே. ஜெனரல் எலக்ட்ரிக் 1965ல் ஹார்டிமேன் என்ற முழு உடல் சட்டகத்தைத் தொடங்கியது. 680 கிலோவைத் தூக்க வேண்டும், தூக்குகிறவருக்கு அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் தெரிய வேண்டும் என்பது திட்டம். சட்டகத்தின் எடையும் 680 கிலோ. ஆறேழு வருடம் கழித்து ஒரே ஒரு கை மட்டும் உருப்படியாக வேலை செய்தது, அதுவும் குறிவைத்த எடையில் பாதியைத்தான் தூக்கியது. முழுச் சட்டகத்தையும் ஓட்டியபோது கட்டுக்கடங்காமல் உதறியது, உள்ளே ஆளை வைத்து அதைக் கடைசிவரை இயக்கவே இல்லை. நான் இருந்தாலும் உள்ளே ஏறியிருக்கமாட்டேன்.

ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தின் யோஷியுகி சன்காய் வேறு வழியில் போனார். மூளை தசைக்குக் கட்டளை அனுப்பும்போது தோலின் மேல் மிக மெல்லிய மின்சாரம் தெரியும், தசை முழுசாக இழுப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அது வந்துவிடும். அவருடைய ஹால் கருவி அதைத் தோலில் ஒட்டிய தகடுகளால் பிடித்து மோட்டாரை ஓட்டுகிறது. தசை பலவீனமாகிப்போன நோயாளிகளுக்கு இது பொருந்தும், ஏனென்றால் கால் அசையாவிட்டாலும் அசைக்க நினைத்த தடயம் தோலில் கிடைக்கும். 2015ல் ஜப்பான் இதை மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது. அவர் நிறுவனத்தின் பெயர் சைபர்டைன், டெர்மினேட்டர் படத்தில் உலகத்தை அழிக்கும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்துக்கும் அதே பெயர். நல்ல தைரியம்.

மூச்சைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால் ஒரு எக்ஸோவைப் பற்றிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி எத்தனை கிலோ தூக்குகிறது என்பது அல்ல. அதை மாட்டிக்கொண்டவர் முன்பைவிடக் கம்மியாக மூச்சு வாங்குகிறாரா என்பதுதான். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று அளந்து உடம்பின் செலவைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு கருவி இந்தச் சோதனையைச் செய்ததா, செய்திருந்தால் எதோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள்.

"எதோடு" என்பதில்தான் விளையாட்டு. கருவியை மாட்டி ஆன் செய்து நடப்பது ஒன்று, மாட்டி ஆஃப் செய்து நடப்பது இரண்டு, மாட்டாமலே சாதாரணச் செருப்பில் நடப்பது மூன்று. ஒன்றையும் இரண்டையும் ஒப்பிட்டு "30 சதவீதம் மிச்சம்" என்று விளம்பரம் செய்தால், கருவியின் எடையைச் சுமந்த தண்டனையை அவர்களே கொடுத்து அவர்களே தள்ளுபடி செய்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றையும் மூன்றையும் ஒப்பிட்ட எண்தான் நமக்கு வேண்டும். அதிலும் காலில் கட்டிய எடை பொல்லாதது, இடுப்பில் ஒரு கிலோ வைப்பதைவிடப் பாதத்தில் ஒரு கிலோ வைத்தால் உடம்பின் செலவு பல மடங்கு ஏறும், ஒவ்வொரு அடிக்கும் அதை வீசி நிறுத்த வேண்டுமே.

2007ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கானர் வால்ஷும் ஹியூ ஹெர்ரும் இன்னும் சிலரும் ஒரு சட்டகம் செய்தார்கள். 36 கிலோ சுமையின் பெரும்பகுதியை அது நேராகத் தரைக்கு இறக்கியது, பொறியியலாகப் பார்த்தால் வெற்றி. ஆனால் அதே சுமையைச் சாதாரண முதுகுப்பையில் தூக்கி நடந்ததைவிட, சட்டகத்தோடு நடந்தபோது உடம்பின் செலவு 10 சதவீதம் கூடியது. எடை தோளில் இல்லை, இருந்தும் களைப்பு அதிகம். சட்டகம் காலின் இயல்பான அசைவைக் கொஞ்சம் கெடுத்தாலும், அதைச் சமாளிக்கத் தசைகள் கூடுதலாக வேலை செய்கின்றன.

அதற்கப்புறம் அந்த வால்ஷ் ஹார்வர்டுக்குப் போனார், இரும்பை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்தார். இடுப்பில் ஒரு பட்டை, தொடையில் ஒரு பட்டை, நடுவில் கேபிளை இழுக்கும் சிறிய மோட்டார், மொத்தம் 5 கிலோ. 2019ல் அவர் குழு வெளியிட்ட முடிவு: நடக்கும்போது 9.3 சதவீதமும் ஓடும்போது 4 சதவீதமும் செலவு குறைந்தது. பார்ப்பதற்குக் கவசம் மாதிரியே இருக்காது, ஏதோ அரைக்கால் சட்டைமேல் பெல்ட் போட்டது மாதிரி இருக்கும். படத்தில் வைத்தால் யாரும் கைதட்டமாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 2015ல் ஸ்டீவ் காலின்ஸ், புரூஸ் விக்கின், கிரெக் சாவிக்கி மூவரும் செய்த கணுக்கால் கருவி. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, ஒரு காலுக்கு அரைக் கிலோ அளவு, ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கிளட்ச்சும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் குதிகால் தசைநாணை இழுத்துப் பிடித்து நிற்கவே சக்தியைச் செலவழிக்கிறது. பாதம் தரையில் பட்டதும் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும், தசை பிடித்திருக்க வேண்டியதில் ஒரு பங்கை அது பார்த்துக்கொள்ளும், பாதம் எழும்பியதும் விட்டுவிடும். நடையின் செலவு 7.2 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது, ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கினால் பலன் கூடவில்லை, குறைந்தது. கதைக் கவசத்தின் அடிப்படை நம்பிக்கையே பலம் கூடக்கூட நல்லது என்பதுதான். நிஜ எக்ஸோ அந்த நம்பிக்கையை விட்டபிறகுதான் உருப்பட்டது, சரியான நேரத்தில் கொஞ்சம் கொடுத்தால் போதும், தவறான நேரத்தில் நிறையக் கொடுத்தால் அது தொந்தரவு.

அந்தக் காலின்ஸ் குழு 2022ல் ஸ்டான்போர்டிலிருந்து மோட்டார் வைத்த பூட்ஸைக் காட்டியது. அது மாட்டியவரின் நடையைப் பார்த்துப் பார்த்து எப்போது, எவ்வளவு தள்ள வேண்டும் என்று தன்னைத் திருத்திக்கொள்ளும். சாதாரணச் செருப்பில் நடப்பதைவிட நடை 9 சதவீதம் வேகம், அதே தூரத்துக்கு 17 சதவீதம் செலவு மிச்சம். முதுகிலிருந்து ஒரு கனமான மூட்டையை இறக்கிவைத்த மாதிரி என்று அவர்களே சொன்னார்கள். இந்தத் துறையில் இது பெரிய சாதனை. ஆகவே ஒரு விளம்பரம் "பத்து மடங்கு பலம்" என்றால், அதை இந்த 17 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குண்டு தடுப்பதும் குதிப்பதும்

இதை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் கணக்கு ரொம்பச் சின்னது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் எஃகுத் தகடு சுமார் 6 மில்லிமீட்டர் கனம் வேண்டும். உடம்புக்கு வெளியே ஒரு சுற்று போர்த்த 2 சதுர மீட்டராவது ஆகும். 2 சதுர மீட்டர், 6 மில்லிமீட்டர், எஃகு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ, பெருக்கினால் 94 கிலோ. இதில் மோட்டார், பேட்டரி, சட்டகம் எதுவும் இல்லை, முழங்கால் மடங்க வேண்டும் என்றால் அங்கே இடைவெளியும் விட்டாக வேண்டும். பீங்கான் வகைத் தகடு எஃகைவிட இலேசு, அதனால்தான் இன்றைய ராணுவ வீரர்கள் அதைப் போடுகிறார்கள், ஆனால் அதையும் பெரும்பாலும் நெஞ்சுக்கும் முதுகுக்கும்தான் போடுகிறார்கள்.

அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2013ல் டாலோஸ் என்ற பெயரில் முழுக் கவசத் திட்டத்தை அறிவித்தன. 2014ல் ஒபாமாவே அயர்ன் மேனைக் கட்டுகிறோம் என்று வேடிக்கையாகச் சொன்னார். 2018க்குள் முடிக்க நினைத்தார்கள், 2019ல் இந்தச் சட்டை நேரடிச் சண்டைக்கு ஆகாது என்று முடிவுக்கு வந்தார்கள். வழியில் செய்த சில உதிரித் தொழில்நுட்பங்கள் வேறு வேலைகளுக்குப் போயின.

குதிப்பதற்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு: விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் எத்தனை ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு என்று கிடைக்கும். 30 மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, கவசத்தின் கால்கள் அரை மீட்டர் மடங்கி நின்றால் 60 ஜி. கவசத்துக்குக் கீறல்கூட விழாமல் இருக்கலாம், ஆனால் மண்டைக்குள் மூளைக்குத் தனிக் கவசம் கிடையாது. 1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் வண்டியில் பட்டை கட்டி உட்கார்ந்து 46.2 ஜியைத் தாங்கினார். கண்களில் ரத்த நாளங்கள் வெடித்துக் கொஞ்ச நேரம் பார்வையே போனது. கதையில் வருகிறவர் ஒரு முழங்காலை ஊன்றி ஸ்டைலாக இறங்கி, தலையைச் சிலுப்பிக்கொண்டு ஓடுகிறார்.

நடக்க முடியாதவர் நடக்கும் வீடியோ

இதை மற்ற வீடியோக்களைப் பார்ப்பது மாதிரி பார்க்காதீர்கள். இங்கே ஒப்பீடு சாதாரண மனிதரோடு அல்ல, சக்கர நாற்காலியோடு. மெதுவாக நடப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், எழுந்து நின்று எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்றால் என்ன என்று யோசித்திருக்கமாட்டார்கள்.

ஆனாலும் இதிலும் பார்க்க வேண்டியவை உண்டு. கையில் ஊன்றுகோல் இருக்கிறதா? பெரும்பாலான கருவிகள் காலை நகர்த்தும், சமநிலையைப் பார்த்துக்கொள்வது ஊன்றுகோல் பிடித்த கைகள்தான். ரீவாக் கருவியைக் கண்டுபிடித்த இஸ்ரேலியர் அமித் கோஃபர் 1997ல் விபத்தில் சிக்கிக் கை கால் இரண்டும் செயலிழந்தவர். ஊன்றுகோல் பிடிக்கக் கை வராததால் தன் கருவியைத் தானே பயன்படுத்த முடியாமல் போனது. 2014ல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு முதலில் அனுமதி பெற்றது அந்தக் கருவிதான். ஊன்றுகோல் இல்லாமல் தானே நிற்கும் கருவியும் வந்திருக்கிறது, பாரிஸில் வாண்டர்கிராஃப்ட் செய்தது, 2024 ஒலிம்பிக் தீபத்தை அதை மாட்டிக்கொண்டு ஒருவர் ஏந்தி நடந்தார்.

எடிட்டிங்கையும் கவனியுங்கள். 2014 கால்பந்து உலகக் கோப்பைத் தொடக்க விழாவில், பிரேசிலின் சாவோ பாவ்லோவில், மிகேல் நிக்கோலெலிஸ் குழுவின் சட்டகத்தை மாட்டிய ஒருவர் மூளை அலைகளால் பந்தை உதைத்தார். தொலைக்காட்சியில் அது வந்தது சில வினாடிகள், அதற்குப் பின்னால் இருந்தது பல வருட உழைப்பு. சில வினாடிகளை வைத்துப் பாராட்டவும் முடியாது, மட்டம் தட்டவும் முடியாது.

வாங்குகிற அளவுக்கு யோசிக்கும் குடும்பம் என்றால் மூன்று விஷயம். நீண்ட நாள் நிற்காதவர்களின் எலும்பு பலவீனமாகியிருக்கும், ஆகவே எலும்பு அடர்த்திப் பரிசோதனை முதலில், கருவி அப்புறம். தோலில் உணர்ச்சி இல்லாதவருக்குப் பட்டை அழுத்திப் புண் ஆனாலும் தெரியாது, ஒவ்வொரு தடவை கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பழுது பார்ப்பது. 2024ல் அமெரிக்காவில் ஒருவரின் கருவி நின்றுபோனது, பழுது என்னவோ கையில் கட்டும் கட்டுப்பாட்டுக் கடிகாரத்துக்குள் விட்டுப்போன ஒரு சின்ன வயர். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கருவியைச் சரிசெய்வதில்லை என்று நிறுவனம் கைவிரித்தது, செய்தி வெளியே வந்து பரவியபிறகுதான் வேலை நடந்தது. அதே வருடம் அந்நாட்டு அரசுக் காப்பீடு இப்படிப்பட்ட கருவிக்கு நிர்ணயித்த விலை சுமார் 91,000 டாலர். அவ்வளவு விலை கொடுத்து வாங்குவதற்கு முன் எத்தனை வருடம் உதிரிப் பாகம் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடையில் விற்கும் இடுப்பு எக்ஸோ

இப்போது ஆன்லைனில் மலை ஏறுகிறவர்களுக்கு என்று இடுப்பில் மாட்டும் 2 கிலோ கருவிகள் விற்கிறார்கள். சீனாவின் தைஷான் மலையில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கும் இடத்தில், 2025 தொடக்கத்திலிருந்து வாடகைக்கே கொடுக்கிறார்கள். முடிந்தால் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

விளம்பரத்தில் "800 வாட், ஒரு குதிரைச் சக்தி" என்று பெரிய எழுத்தில் இருந்தால் பக்கத்தில் பேட்டரி அளவைத் தேடுங்கள். 70 வாட் மணி என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். 800 வாட்டில் ஓடினால் 70ஐ 800ஆல் வகுக்க, ஐந்தே கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அவர்களே மூன்றரை மணி நேரம் ஓடும் என்கிறார்கள், அப்படியென்றால் சராசரி 20 வாட், அதிலும் ஒரு பங்கு மோட்டார் சூட்டில் போய்விடும். 800 என்பது கண் இமைக்கும் நேர உச்சம். 20 வாட் என்றால் ஏமாற்று என்று அர்த்தமில்லை, மேலே சொன்ன மாதிரி சரியான நேரத்தில் கிடைத்தால் படியேறும்போது நன்றாகவே தெரியும். முழங்கால் வலிக்கு மருந்து என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், இடுப்பில் தள்ளும் கருவி முழங்காலுக்கு என்ன செய்யும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், இறங்கும்போது வலிக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. விமானத்தில் எடுத்துப்போகிறவர்கள் பேட்டரி 100 வாட் மணிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

சோதிப்பது இப்படி. பழகிய படிக்கட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கருவி இல்லாமல் ஏறி நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓய்வெடுத்து, கருவியை ஆன் செய்து அதே வேகத்தில் ஏறுங்கள். வேகத்தைப் போன் கடிகாரம் வைத்து ஒன்றாக்குங்கள், இல்லையென்றால் உற்சாகத்தில் வேகமாக ஏறிவிட்டு நாடி குறையவில்லையே என்பீர்கள். முதல் நாள் முடிவை நம்ப வேண்டாம், உடம்பு கருவிக்குப் பழகச் சில நாள் ஆகும். அப்புறம் தாளத்தைக் கெடுத்துப் பாருங்கள்: நடுப்படியில் சட்டென்று நில்லுங்கள், திரும்பி இறங்குங்கள், ஒரு பக்கமாக நகருங்கள், செருப்பு லேஸ் கட்டக் குனியுங்கள். நிற்க நினைத்த பிறகும் தொடையைத் தள்ளுகிறதா?

கடைசியாக, ஏற்றத்தின் நடுவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு மீதியை ஏறுங்கள். செத்த கருவியோடு கால் தாராளமாக அசைகிறதா, யார் உதவியும் இல்லாமல் அதைக் கழற்றிப் பையில் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.